துரையின் சறுக்குப் பலகைகள்

எங்கள் துரைக்கு அந்த ஆண்டின் கோல்ஃப் ஆட்டம் ஐப்பசியில் முடிந்துவிட்டது. ரங்கூனில் மற்றத் துரைமார்களுக்கு ஆட்டம் சூடுபிடிப்பதே அப்போதுதான். மழை ஓய்ந்து, தரை இறுகி, பந்து சேற்றில் புதையாமல் உருளத் தொடங்கும் காலம் அது. எங்கள் துரை மட்டும் நீண்ட விடுப்பில் சீமைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். போகும் வழியில் பனிமலைகள் உள்ள ஒரு நாட்டில் இறங்கிக் குளிர்காலம் முழுவதும் பனியில் சறுக்கி விளையாடப் போகிறார் என்றும், விடுப்பு முடிந்ததும் வேறு ஊருக்கு மாற்றலாகிறார் என்றும் அப்பா சொன்னார்.

அப்பா அவருடைய பட்லர். பங்களாவின் பின்புறத்து வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. மிஷன் பள்ளியில் படித்ததால் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா ஆங்கிலம் பேசுவார், எழுத்து தெரியாது.

கோல்ஃப் குச்சிகளை மூட்டை கட்டுவதில் அப்பா இரண்டு நாள் செலவிட்டார். ரங்கூன் ஈரத்தில் ஒரே இரவில் செருப்பில் பூசணம் பூத்துவிடும். ஆகவே இரும்புத் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைத்து, ஃபிளானல் சுற்றி, இடையிடையே கற்பூரம் வைத்தார். அதன்பின் சாமான் அறையின் பரணிலிருந்து இரண்டு நீளமான பலகைகளை இறக்கினார். அவை அவரைவிட உயரமாக, உள்ளங்கை அகலத்தில் இருந்தன. ஒரு முனை மட்டும் மேல்நோக்கி வளைந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் துரை சென்ற விடுப்பு முடிந்து திரும்பியபோது அவரோடு கப்பலில் வந்தவை. அதன்பின் பரணைவிட்டு இறங்கியதில்லை.

“இத காலுல கட்டிக்கிட்டு பனி மேல சறுக்குவாங்களாம்” என்றார் அப்பா.

“வழுக்கி விழுறதுக்குக் கப்பலேறிப் போகணுமாக்கும்?” என்றார் அம்மா. “நம்ம கொல்லைப் பாசி போதாதா அவருக்கு?”

அந்தப் பலகைகளுக்கு ஒரு தேக்குப் பெட்டி வேண்டியிருந்தது. அந்த வேலையை அப்பா என் தாய்மாமனுக்கு வாங்கிக் கொடுத்தார். மாமா தச்சர், கெமண்டைன் ஆற்றங்கரை மரக்கிடங்குகளில் நாட்கூலிக்கு அலைந்துகொண்டிருந்தார். துரை ரயில்வேயில் பெரிய அதிகாரி. அவர் ஒரு கடிதம் தந்தால் இன்சீன் பட்டறையில் மாமாவுக்கு நிரந்தர வேலை கிடைக்கும். பெட்டியைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்று துரை சொல்லியிருந்தார். ஆகவே அந்தப் பெட்டிதான் மாமாவுக்குப் பரீட்சை.

அப்பாவுக்கும் அதே வாரத்தில் ஒரு பரீட்சை இருந்தது. ஊரைவிட்டுப் போகும் துரை தம் பட்லருக்கு நற்சான்று எழுதித் தருவது வழக்கம். அதைச் ‘சிட்டு’ என்பார்கள். அடுத்த பங்களாவின் வாசற்படி ஏற அது ஒன்றுதான் துணை. அப்பா தம் சிட்டுகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார். புதிதாக வருவது எப்போதும் மேலே இருக்கும்.

இங்கே என்னைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு, பின் வராந்தாவில் கிடந்த துரையின் படப் பத்திரிகையிலிருந்து ஒரு தாளை நான் கிழித்து எடுத்திருந்தேன். வெள்ளைச் சரிவில் ஒருவன் காலில் பலகைகளோடு பறந்து வரும் படம் அது. பலகைகளின் முனைகள் ஆற்றுச் சம்பான் படகின் மூக்கைப்போல் மேலே வளைந்திருந்தன. தாளைக் காணோம் என்று துரை கேட்டபோது அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“நீ எடுத்தியாம்மா?”

“இல்லப்பா.”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். என் வீட்டார் பங்களாவின் ஒரு துரும்பைக்கூடத் தொடமாட்டார்கள் என்று துரையிடம் போய்ச் சொன்னார். படம் என் வாசகப் புத்தகத்தின் அட்டைக்குள் இருந்தது.

பெட்டிக்கு அளவு கொடுத்தவர் அப்பா. நீளத்தையும் அகலத்தையும் கனத்தையும் நூலால் அளந்து முடிச்சிட்டுக் கொடுத்தார். வளைவின் உயரத்தை அளக்கவில்லை. மறுநாள், ஆற்றின் அக்கரையில் சிரியத்தில் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்காகத் துரை ஆறு நாள் பயணமாகப் படகேறினார். அப்பாவும் உடன் போனார்.

மாமாவின் பெட்டி அழகாக அமைந்தது. மூலைகளில் ஆணியே இல்லை. பல்லோடு பல் கடித்ததுபோல் மரம் மரத்தைப் பிடித்திருந்தது. ஆனால் பலகைகளை வைத்தபோது முனைகள் இரண்டும் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. மூடி மூடவில்லை. மாமா குனிந்து ஒற்றைக் கண்ணால் பலகைகளை நோட்டம் பார்த்தார்.

“அதானே பார்த்தேன்! ரெண்டு மழை பரணுல கெடந்தா தூக்கிக்காம என்ன செய்யும்?”

“ரெண்டும் ஒரே மாதிரித்தானே வளைஞ்சிருக்கு மாமா?” என்றேன்.

“ஒரே மரத்துல அறுத்தது, ஒரே மாதிரிதான் வளையும். நீ போயி ஒன் ஏபிசிடியப் படி.”

“வளைஞ்சே இருந்தா என்ன?”

“நேரா இருந்தா நேராப் போவாரு. வளைஞ்சிருந்தா வானத்துக்கா போகப்போறாரு?”

அம்மா சிரித்தார். என்னிடம் பதில் இருந்தது. புத்தக அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து நீட்டினால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். நான் ஏபிசிடியைப் படிக்கப் போய்விட்டேன்.

மாமா அண்டாவில் வெந்நீர் காய்ச்சினார். முனைகளில் சாக்கைச் சுற்றி, கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். பிறகு இரண்டு தேக்குக் கட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கயிற்றால் இறுக்கி, மேலே அம்மிக்கல்லை ஏற்றினார். மூன்று நாள் எங்கள் வீட்டில் துவையல் இல்லை. நான்காம் நாள் கயிற்றை அவிழ்த்தபோது பலகைகள் அளவுகோலைப்போல் நேராகப் படுத்திருந்தன. பெட்டி மூடிக்கொண்டது. மாமா மூடியை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை அப்பா திரும்பினார். பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மாப்பிள்ள, இதோட மூக்கு எங்க?”

“கோணல எடுத்துட்டேன் அத்தான். மழையில தூக்கியிருந்துச்சு.”

“கப்பல்ல வரும்போதே அப்படித்தாண்டா இருந்துச்சு.”

“அப்போ அது கப்பல் ஈரம்” என்றார் மாமா. ஆனால் அவருடைய குரல் அதற்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் பிற்பகல் கப்பல். மரத்தை மறுபடியும் வளைக்க அவகாசமில்லை. எவ்வளவு வளைக்கவேண்டும் என்பதும் மாமாவுக்குத் தெரியாது. அப்பா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, பெட்டியின் ஒரு முனையைத் தாம் பிடித்து, மறுமுனையை மாமாவைப் பிடிக்கச் சொல்லி, பங்களாவின் முன் வராந்தாவுக்குக் கொண்டுபோனார். நான் சமையல்கட்டுப் படியில் நின்று கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரை ஒரு பலகையை எடுத்துத் தரையில் வைத்தார். அதன்மேல் காலை வைத்து நின்றார். நுனியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“மை மிஸ்டேக், சார்” என்றார் அப்பா. “ஐ டெல், கார்பென்டர் டூயிங். கார்பென்டர் நோ மிஸ்டேக்.”

துரை கத்தவில்லை. இரண்டு வருஷமாக இதற்காகக் காத்திருந்தேன் என்று மட்டும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்கு அது விளங்கியது. பிறகு குனிந்து பெட்டியின் மூலையொன்றைப் பெருவிரலால் தடவினார்; மற்ற மூன்று மூலைகளையும் தடவினார். இதைச் செய்தவன் இவனா என்று கேட்டார். மாமா வாயைத் திறந்தார். அப்பா அவர் காலை மிதித்துவிட்டு, “எஸ் சார், வெரி குட் கார்பென்டர்” என்றார்.

மறுநாள் காலையில் துரை இரண்டு உறைகளைக் கொடுத்தார். ஒன்று இன்சீன் பட்டறைக்கு. மாமா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறியவர், அடுத்த மாதத்திலிருந்து அங்கே ரயில் பெட்டிகளுக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். மற்றொன்று அப்பாவின் சிட்டு. கோல்ஃப் குச்சிகள் கப்பலேறின. பலகைகள் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தன. அம்மா அவற்றைக் குறுக்கே போட்டு அரிசி மூட்டைகளை ஈரம் படாமல் அடுக்கினார்.

துரையைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு வந்த பிறகு அப்பா உறையை என்னிடம் தந்தார்.

“படிச்சுச் சொல்லும்மா.”

மூன்று வரிகள் இருந்தன. ஏழு ஆண்டு வேலை செய்தார், நாணயமானவர் என்றது முதல் வரி. குடிப்பழக்கம் இல்லை, விருந்து பரிமாறுவதில் தேர்ந்தவர் என்றது இரண்டாவது. ஆனால், தமக்குத் தெரியாத பொருள்களில் கைவைத்துக் கெடுப்பார், அவர்மேல் ஒரு கண் வைத்திருக்கவேண்டும் என்றது மூன்றாவது.

நான் இரண்டு வரிகளைத் தமிழில் சொன்னேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்பா.”

அப்பா தாளை வாங்கிக்கொண்டார். முதல் வரியின் அடியில் விரலை வைத்து இடமிருந்து வலமாக மெல்ல இழுத்தார். இரண்டாவது வரியின் அடியிலும் அப்படியே இழுத்தார். அதற்கும் கீழே சற்று நேரம் விரலை வைத்திருந்துவிட்டு, படத்தைப் பற்றிக் கேட்ட நாளில் செய்ததைப்போலவே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பிஸ்கட் தகரத்தைத் திறந்து, சிட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து, இதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார்.

மிகச் சிறந்தது என்பதால்தான் பத்திரமாக அடியில் வைக்கிறார் என்று நினைத்து அன்று நான் நிம்மதியாக விளையாடப் போனேன். எழுத்து தெரியாதவருக்கும் வரிகளை எண்ணத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.