மறித்துவிட்ட கப்பல்

மாசி வெயிலில், பள்ளிக்கூட மைதானத்தின் குறுக்கே போஸ்ட்மாஸ்டர் வெறுங்காலோடு வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. குடையில்லாமல் வெளியே இறங்காத மனிதர். அன்று குடையும் இல்லை, செருப்பும் இல்லை. கொதிக்கிற மண்ணில் காலை எடுத்தெடுத்து வைத்து வந்தவர், என் வகுப்பு வாசலில் நின்று என்னையே பார்த்தார்.

அப்போது என் மகன் பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவில் இருந்தான். கோயமுத்தூர் பம்பு கம்பெனி ஒன்று குடிதண்ணீர் பம்பு பூட்ட அவனை அங்கே அனுப்பியிருந்தது. சுற்றிலும் அப்படியே பல தீவுகள்; ஒவ்வொன்றும் தனி நாடு, ஆனால் தனியாக ஒரு கப்பல் வாங்கி ஓட்டக் கட்டுப்படியாகாது. அதனால் அந்த அரசாங்கங்கள் எல்லாம் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து பொதுவில் ஒரு கப்பல் விட்டிருந்தன. அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு அது முறை வைத்து ஒவ்வொரு தீவாகப் போகும் என்று மகன் எழுதியிருந்தான். தபால் வாங்கப் போன இடத்தில் இதை நான் சொன்னதும் போஸ்ட்மாஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கோட்டயத்துப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கேரள எல்லையிலிருக்கும் எங்கள் கோபாலபுரத்துத் தமிழ் அவருக்கு அரைகுறைதான்.

"மாஷே, இவிடெ ஆழியாத்துத் தண்ணிக்கு ரெண்டு சர்க்காரும் வழக்கு. அவிடெ இத்தற சர்க்கார் சேர்ந்து ஒரு கப்பலோ? அது கரையில்தன்னெ கிடக்கும்."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு ஒருநாள் அந்தப் பக்கத்தில் பெரும்புயல் என்று ரேடியோ சொன்னது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பூகோளம் நடத்துகிறவன் நான். வகுப்புச் சுவரில் தொங்கிய படத்தில் அந்தத் தீவு ஒரு புள்ளியாகக்கூட இல்லை. "அந்தக் கப்பலாச்சும் போகுமுங்களா?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். தகவல் கிடைத்தால் கம்பெனிக்காரர்கள் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் என் மைத்துனனுக்குச் சொல்வார்கள். அவன் எங்கள் தபாலாபீசுக்குப் போன் போடுவான். ஊரில் இருந்தது அந்த ஒரு போன்தான்.

போஸ்ட்மாஸ்டர் என் கையைப் பிடித்து வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். "பொள்ளாச்சியில்நிந்நு விளிச்சு. லைன் சரியில்லா. பையன்... கப்பல்... மரிச்சு எந்நு கேட்டு." மலையாளத்தில் மரிச்சு என்றால் செத்துப்போவது. பிறந்ததிலிருந்து இரண்டு பாஷைக்கும் நடுவில் இருப்பவன் நான். எனக்கும் அந்த ஒரு அர்த்தம்தான் தோன்றியது.

தபாலாபீசுக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. அவர் டிரங்கால் போட்டுவிட்டு, லைன் கிடைக்கிறவரை என் தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மேசைக்கடியில் அவருடைய செருப்பு கிடந்தது.

மணி அடித்ததும் எடுத்து, "மாப்பிள்ளை, பையன்..." என்றேன். அழுகை முந்திக்கொண்டது.

"ஏனுங்க மாமா, நல்லாருக்கறவனுக்கு எதுக்குங்க அழுகறீங்க?" என்று மைத்துனன் கத்தினான். "கப்பலை மறிச்சு உட்டுட்டாங்கன்னுதானுங்க சொன்னேன்! மடைய மறிச்சுத் தண்ணியத் திருப்பறமல்லங்க, அப்புடி! வேற தீவுக்குப் போயிட்டிருந்த கப்பலுங்க. அந்தத் தீவுக்காரவிய அவிய முறைய உட்டுக்குடுத்துட்டாங்க. நம்ம பையனையும் அவங்கூட இருந்த ஆளுகளையும் ஏத்தியாச்சுங்க."

அவன் சொன்னதைப் போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "எந்தொரு பாஷையா மாஷே, உங்க பாஷை! தண்ணியைத் திருப்பினாலும் மரிச்சு!" பிறகு மேசைக்கடியில் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே, "ஆ தீவு ஆளுகளுக்கும் அரிசி வேண்டே?" என்றார்.

அதுதான் எனக்கும் இன்றுவரை மனசை விட்டுப் போகவில்லை. எங்கள் வாய்க்காலில் முறைத் தண்ணீரை ஒரு நாழிகை விட்டுக்கொடுக்கச் சொன்னால் மண்வெட்டி தூக்குவார்கள். முகம் தெரியாத ஏதோ ஒரு நாடு, தன் அரிசி வரும் நாளைத் தள்ளிவைத்து, என் பிள்ளைக்காகக் கப்பலைத் திருப்பிவிட்டிருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்ல எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது?

போஸ்ட்மாஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். மகன் லீவில் வந்திருக்கிறான். திரும்பவும் அந்தத் தீவுக்கே போகப்போகிறான். நேற்று எங்கள் முறை. தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போனவன் தோப்பிலிருந்து, "அப்பா, மறிச்சாச்சு!" என்று குரல் கொடுத்தான். அவன் குரல்தான், நம் தண்ணீர்தான் என்று காதுக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. எழுந்து ஓடினேன். வாய்க்கால் மேட்டில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவன் நின்றிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்து, "செருப்பு எங்கீங்கப்பா?" என்றான். குனிந்து பார்த்தேன். அப்போதுதான் கால் சுட்டது.