யூசுப் பாய் கேட்ட வாக்கு

டாக்டர் என்னைக் கொள்ளு சாப்பிடச் சொல்லிவிட்டார். உடம்பு இறங்குமாம். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு அடுப்பில் இப்போது வாரத்தில் பாதி நாள் கொள்ளுதான் வேகிறது. அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் என் முகம் மாறிவிடும். "குதிரைத் தீனின்னு மூஞ்சியைத் தூக்காதீங்க, ரசம் வச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்பாள் மனைவி. எனக்கு ருசியில் புகார் இல்லை. அது வெந்தால் எனக்குப் பாலக்கரையில் ஒரு சந்து ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

அந்தச் சந்தின் கடைசியில் யூசுப் பாய் வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, அதில் இரண்டு குதிரைகள். வெள்ளைக் குதிரை நூரி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போவாள். சிக்கந்தர் வயதானவன், சாரட்டு வண்டி இழுப்பவன். பாயின் மனைவி மெஹருன் அக்கா வாசலில் கல் கூட்டி, பெரிய அலுமினியக் குண்டானில் கொள்ளு வேகவைப்பார். நான் அப்போது ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிக்கிற வேலையில் இருந்தேன். ஒல்லியாக இருந்தேன், நம்பினால் நம்புங்கள். எத்தனையோ ஊர்வலங்களில் நூரிக்கு முன்னால் பின்னோக்கியே நடந்திருக்கிறேன். என் ஒயரில் நானே தடுக்கி விழுவேன். நூரி ஒருநாளும் அதை மிதித்ததில்லை, சுற்றிக்கொண்டு போவாள்.

பாயிடம் ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாளே கல்யாண வீட்டுக்குப் போய்ப் பெரியவர் யாரென்று விசாரித்து அவரிடம் சொல்வார்.

"குதிரை நேரத்துக்கு வந்துடும். வேட்டு மட்டும் வேணாங்க. அது ஒண்ணுக்குத்தான் அவ பயப்படுவா."

"சரி பாய்" என்பார் அவர். அதற்கு மேல் பேச்சில்லை. சொன்னால் சொன்னதுதான். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், சொந்தக்காரப் பையன்கள் பிரித்துப்போட்ட பட்டாசுச் சரத்தை ஒரு தாத்தா பிடுங்கி வேட்டி மடிப்பில் சுருட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். "பாய்கிட்ட வார்த்தை குடுத்திருக்கேன்டா" என்றார். மாப்பிள்ளை கனமான ஆளாக இருந்தால் பாய் நூரியைத் தரமாட்டார். "உங்களுக்கு சாரட்டுதாங்க எடுப்பா இருக்கும், ராஜா மாதிரி" என்பார். இன்றைக்கு என்னைப் பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ஸ்ரீரங்கத்தில் அந்தக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் போய்ச் சொன்னார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஜவுளிக்கடைக்காரர், மரியாதையான மனிதர். "என்னை நம்புங்க பாய்" என்று தோளில் கைபோட்டார். ஊர்வலம் நன்றாகவே வந்தது. மண்டப வாசல் தெரிந்தபோது தரையில் சிவப்பாக ஒரு சரம் நீளமாகக் கிடந்தது. பக்கத்தில் அதே சித்தப்பா, கையில் ஊதுவத்தியோடு.

"ஒரே ஒரு சரம்தான் பாய். வாசல்ல வெடிக்காம எப்படி?"

பாய் கையைத் தூக்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் வெடித்துவிட்டது.

நூரி முன்னங்கால்களைத் தூக்கி நிமிர்ந்தாள். மாப்பிள்ளை கீழே விழுந்தார். அவருக்குச் சிராய்ப்புதான். அவள் திரும்பி ஓடியபோது தாரில் லாடம் வழுக்கி, பின்னங்கால் உடைந்த சாக்கடைப் பலகைக்குள் போய்விட்டது. எலும்பு முறிந்த சத்தம் வெடிச்சத்தத்திலும் எனக்குக் கேட்டது. பாய் லகானைப் பிடித்து, ஏதேதோ கத்திக்கொண்டு அவளை மேலே இழுத்தார். சுற்றிலும் செல்போன்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அவளுக்குக் கடைசி ஊசி போட்டார். பாய் தன் உள்ளங்கையால் அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே நாதஸ்வரம் நிற்கவில்லை.

மறுநாள் ஊரெல்லாம் செல்போனில் ஒரு வீடியோ சுற்றியது. கொஞ்ச நேரம் ஓடுவதுதான். கால் மாட்டிக்கொண்ட குதிரையை ஒரு முரட்டு ஆள் கத்திக்கொண்டே இழுக்கிறார். வெடி அதில் இல்லை. திட்டாதவர் இல்லை, சந்தில் பாய் மேல் கல்கூட விழுந்தது. பேசிவைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. சித்தப்பா, தான் அப்படி எந்த வார்த்தையும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

பாய் மேல் போலீஸில் புகார் போனது. நானும் ஸ்டூடியோ முதலாளியும் வெடியும் பதிவாகியிருந்த எங்கள் வீடியோவைப் போலீஸ் ஸ்டேஷனில் போட்டுக் காட்டினோம். விலங்கு நலச் சங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு இளம்பெண் முழுவதையும் பார்த்தாள். கண் கலங்கியிருந்தாள். பிறகு பாயிடம் மெதுவாகத்தான் கேட்டாள்.

"வெடி வச்சது தப்புதாங்க. ஆனா வெடிக்குப் பயப்படுற குதிரையக் கல்யாணத்துக்கு ஏங்க கூட்டிட்டு வந்தீங்க?"

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பொண்ணு கேட்டது சரிதான் தம்பி. நான் அவங்க பேச்சை நம்புனேன். அவ என்னை நம்புனா."

சிக்கந்தரை அவரே அந்தச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். "எங்கிட்ட இருந்தா அவனையும் யாராச்சும் கல்லால அடிப்பாங்க" என்றார். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லித்தான் அழைத்துப்போனார்கள். மாலை போட்டுப் படமெல்லாம் எடுத்தார்கள். சில மாதம் கழித்து மெஹருன் அக்கா ஒரு தூக்குவாளி நிறையக் கொள்ளு எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"அந்தக் கெழட்டுக் குதிரையா? தத்து குடுத்தாச்சே" என்றார் வாட்ச்மேன்.

"யாருக்குங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

அந்தப் பெண் வேலையை விட்டுப் போயிருந்தாள். ஆபீஸில் இருந்தவர், பார்த்துச் சொல்கிறோம் என்றார். சொல்லவே இல்லை. அக்கா வாளியை கேட் ஓரமாகக் கவிழ்த்துவிட்டு நடந்தார். சிக்கந்தர் என்ன ஆனான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கொட்டகை இப்போது டூவீலர் ஸ்டாண்ட். பாயும் அக்காவும் மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நான் சொந்தமாகக் கேமரா வைத்திருக்கிறேன். போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்கிருந்தோ ஒரு குதிரை வந்திருந்தது. பழக்கதோஷம், அதைக் கூட்டிவந்தவரிடம் போய், "வேட்டு வைக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "சொன்னா யாரு சார் கேக்குறா? நானும் சொல்றதில்ல. ஊசி போட்டுத்தான் கூட்டியாந்திருக்கேன்."

சரம் வெடித்தது. புகை மூடி விலகியது. குதிரை நின்ற இடத்திலேயே நின்றது. இமைகூட முழுதாகத் திறக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற பெரியவர் கைதட்டினார்.

"எவ்வளவு நல்லாப் பழக்கியிருக்காங்க பாருங்க" என்றார்.