பொங்கிய பானை

பேட்டரிக் கடையில் பல வருடங்களாக வேலை பார்த்தவருக்கு 'ஆசிட்' என்றே பட்டப்பெயர். அவர் சட்டைகளில் ஓட்டை விழாதது ஒன்றுகூடக் கிடையாது. கடையின் இரும்பு அலமாரியை அமிலம் அரித்துத் தின்பதை அன்றாடம் பார்க்கிறவர். அமிலம் சிந்திய இடத்தில் சமையல் சோடா என்னும் காரத்தைக் கரைத்து ஊற்றினால் புஸ்ஸென்று நுரைத்து அடங்கிவிடும். அதனால் அமிலம்தான் வில்லன், காரம் பரம சாது என்று அவர் மனதில் பதிந்துபோயிருந்தது.

அவர் மனைவி வீட்டிலேயே சோப்பு தயாரித்து விற்றாள். "உனக்கென்ன, ஜாலியான வேலை" என்று சீண்டுவார். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். "நீ படு, சோப்புக்கு நான் கலக்கி வைக்கிறேன்" என்று சமையலறைக்குப் போனார். அவள் வழக்கமாகக் கலக்கும் எவர்சில்வர் வாளி கண்ணில் படவில்லை. கைக்குக் கிடைத்த அலுமினியப் பானையில் தண்ணீர் ஊற்றி, காஸ்டிக் சோடாவைக் கொட்டினார். அது காரத்திலேயே முரட்டுக் காரம். பானை சீறியது. குமிழ்கள் பொங்கின; உட்புறம் கறுத்தது; நெடி மூக்கில் ஏறியது. பக்கத்தில் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, தொடாதீங்க! முதல்ல அடுப்ப அணைங்க!" போர்வையோடு ஓடிவந்த மனைவி ஜன்னலைத் திறந்து, சத்தம் கேட்டு வந்த மகளையும் அவரையும் வாசலுக்கு விரட்டினாள்.

சீறல் அடங்கியபோது பானையின் அடி காகிதமாய் மெலிந்திருந்தது.

"ஆசிட்தானம்மா உலோகத்தத் தின்னும்?" என்றாள் மகள். அவரும் அதே கேள்வியோடுதான் நின்றார்.

"அலுமினியத்து மேல காத்துபட்டு மெல்லிசா ஒரு படலம் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதுதான் காவல். இந்த சோடா அதைக் கரைச்சிடும். அப்புறம் உள்ளே இருக்கற உலோகமும் கொஞ்சங்கொஞ்சமா தண்ணியில கரைஞ்சு போயிடும். அப்போ வர்ற குமிழிதான் ஹைட்ரஜன். நெருப்பு பட்டா டமால்!"

"அப்போ இரும்பு?" என்றாள் மகள்.

"இரும்ப ஆசிட் அரிச்சிடும், ஆனா சோடா அவ்வளவு சீக்கிரம் அசைக்காது. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு எதிரி."

அவர் மனைவியின் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை வெளிறிய வடுக்கள். சமையலில் சுட்டுக்கொண்டவை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

"இதெல்லாம்... சோடாவா? சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

மறுநாள் கடையிலிருந்து வரும்போது நீளமான ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிவந்தார். அவள் போட்டுப் பார்த்து, "விண்வெளிக்குப் போறவ மாதிரி இருக்கேன்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "தினமும் போடு" என்றார்.