டப்பா அவர்களுடையது, மை கஸ்தூரியுடையது

கஸ்தூரி அழுது நான் பார்த்ததில்லை. போன தை மாதம் பார்த்துவிட்டேன்.

கள்ளிக்குப்பத்தில் ஷெட் போட்டிருப்பவர். அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸ்களின் கம்ப்யூட்டர் பிரின்டர்களில் மை போன ரிப்பன்களை வாங்கி, பிரித்து, புது மை ஏற்றிக் கொடுப்பார். கூட நான்கு பெண்கள். நான் பர்ச்சேஸ் பார்க்கும் ஆபீஸ் ரிப்பனும் அங்கேதான் போகும். புதுசில் பாதி விலை, எழுத்து அதே கறுப்பு... வேறென்ன வேண்டும்?

அன்று அவர் கையில் வக்கீல் நோட்டீஸ். அனுப்பியது பிரின்டர் கம்பெனி. எங்கள் பெயரில் போலி ரிப்பன் விற்கிறாய், தொழிலை நிறுத்து, இல்லையென்றால் கோர்ட்.

"போலியா சார்? அவுங்க டப்பாவுல வந்தத அவுங்க டப்பாவுலயே பத்திரமா வெச்சுக் குடுத்தேன். அது தப்பா?"

யார் டப்பாவில் வந்ததோ அதிலேயே திருப்பித் தருவதுதான் மரியாதை என்று வளர்ந்தவர். பழைய டப்பாவைத் தேடி எடுத்து, துடைத்து, ஒட்டி வேறு கொடுப்பார். அந்த மரியாதைதான் வினையாகிவிட்டது!

அதோடு விட்டார்களா? எங்களைப் போன்ற ஆபீஸ்களுக்கும் ஒரு கடிதம் — வெளி ரிப்பன் மாட்டினால் இனி மெஷினுக்கு சர்வீஸ் கிடையாது. எல்லோரும் பயந்து ஒதுங்கினார்கள். ஒரே வாரத்தில் ஷெட்டில் ஒரு ரிப்பன் இல்லை. கஸ்தூரியோடு சேர்த்து ஐந்து பெண்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் நாங்கள் வாங்கியது. அதில் எதை மாட்டுவது என்று சொல்ல இவர்கள் யார்?

கொரட்டூரில் தெரிந்த வக்கீலிடம் அழைத்துப் போனேன். பொறுமையாகப் படித்தார்.

"பேரு அவங்களுது. அந்த டப்பாவை இனிமே தொடாதீங்கம்மா. ஆனா மெஷினை வித்துட்டு, ரிப்பனும் எங்ககிட்டதான் வாங்கணும்னு மிரட்டறது செல்லாது. ஏகபோகத்தை விசாரிக்க டெல்லியில கமிஷனே இருக்கு."

புகாருக்கு அத்தாட்சி? எங்கள் ஆபீஸுக்கு வந்த அந்தக் கடிதம்தான். மேனேஜரிடம் தயங்கித்தான் கேட்டேன். சர்வீஸ் நின்றால் அவர் தலைதானே உருளும்? கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு, ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரிஜினல் ஃபைலில் இருக்கட்டும் என்றார். மனுஷன்!

புகாரின் நகல் கம்பெனிக்கும் போனது. டெல்லி விசாரிக்கும் வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை. சில வாரங்களில் இன்னொரு கடிதம் வந்தது — எந்த ரிப்பனும் மாட்டலாம், அதனால் மெஷின் கெட்டால் மட்டும் ரிப்பேர் செலவு உங்களுடையது. நியாயம்தானே?

கஸ்தூரி மஞ்சள் அட்டையில் சொந்த டப்பா அடித்தார். மேலே கொட்டை எழுத்தில் 'கஸ்தூரி ரிப்பன்'. ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் அவரிடமிருந்து போன். அயனம்பாக்கத்தில் யாரோ அதே மஞ்சள் டப்பாவில், அதே பெயரில் ரிப்பன் விற்கிறார்களாம். அவர்கள் ஷெட்டையே இழுத்து மூட வைக்கிறேன் என்று கொதித்தார். பயந்துகொண்டே கூடப் போனேன்.

கதவைத் திறந்தது லதா. கஸ்தூரியிடம் வேலை பார்த்த அந்த நான்கு பேரில் ஒருத்தி; கல்யாணமாகி அங்கே போனவள். விரலெல்லாம் மை. "அக்கா... உன் பேரு போட்டாத்தான் வாங்குவாங்கன்னு..." என்று தலைகுனிந்தாள்.

கஸ்தூரி ஒரு ரிப்பனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மை சீராக ஏறியிருந்தது. கோபம் எங்கே போனதோ!

"தொழிலப் பண்ணு, வாணான்னு சொல்ல நான் யாரு? என் பேர மட்டும் எடுத்துடு."

"அப்ப இன்னா பேருக்கா வெக்கிறது?"

"ஏன், லதாங்கறது இன்னா கெட்ட பேரா? அதையே பெருசாப் போடு."