வெளியே பூட்டு, உள்ளே சித்தி

என் சித்தியை அந்தத் தெருவில் எல்லோரும் ‘கால் இன்ச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே வரிசையாக இருக்கும் பேர்போன துணிக்கடைகளில் வாங்கும் பேன்ட்டையும் கோட்டையும் மூன்றாவது மாடியில் அளவுக்குத் தைத்துக் கொடுப்பவள் அவள். எதைக் கொடுத்தாலும் கால் இன்ச்சாவது குறைக்காமல் விடமாட்டாள். இருபத்தாறு வருடமாக அந்த ஒரே அறைதான் அவளுக்கு வீடு, கடை எல்லாம்.

வேலை குவிந்தால் முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, பின்படிக்கட்டு வழியாக ஏறிவந்து உள்ளே உட்கார்ந்துகொள்வாள். “அஞ்சு நிமிஷ வேலைதான்” என்று கழுத்தறுப்பவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். எதிர் அறை அயர்ன்காரர், திருடனுக்கே தலைசுற்றும் என்று கிண்டலடிப்பார்.

தெருவையே புதுப்பிக்கவென்று வாங்கிய ஒரு நிறுவனம், குடியிருப்பவர்களைப் பதிவு செய்ய ஆள் அனுப்பியது. மூன்று நாள் வந்து தட்டினார்கள். யாரோ அவசரக்காரர் என்று நினைத்து, சித்தி மூன்று நாளும் மெஷினை நிறுத்திவிட்டு மூச்சுக்காட்டாமல் இருந்தாள். கடைசி நாள் கதவில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். ஆள் இருக்கும் அறைக்கு மாற்று இடம் உண்டு. குறி போட்ட அறைக்கு இடிப்பு மட்டும்தான்.

சித்தி அவர்கள் அலுவலகத்துக்கு ஓடினாள்.

“எங்க லிஸ்ட்ல அது காலி ரூம் மேடம்” என்றாள் அங்கிருந்த பெண். “மூணு தடவையும் பூட்டியிருந்துச்சாம்.”

“நான்தாம்மா பூட்டினேன். உள்ளதான் இருந்தேன்.”

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே உறைத்தது. மறுபடி பார்க்க ஆள் வருவார், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அயர்ன்காரர் தனக்குக் கிடைத்த மாற்று இடத்துக்குப் போய்விட்டார். கீழே துணிக்கடை இருந்த இடத்தில் காபிக் கடை வந்திருக்கிறது. அதன் சுவர் நிறையப் பழைய தெருவின் படம். அதில் சித்தியின் ஜன்னலும் இருக்கிறது, பூந்தொட்டியெல்லாம் வைத்து. மேலே சித்தியின் பக்கத்து அறையை இடிக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஊசி டப்பா துள்ளுகிறது.

இப்போது அவள் கதவைச் சாத்துவதே இல்லை. மெஷினை வாசலுக்கே இழுத்துப் போட்டிருக்கிறாள். தண்ணீர் பிடிக்கப் போகக்கூடப் பயம், அந்த நேரம் பார்த்து ஆள் வந்துவிட்டால்? படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால், துணி இல்லாவிட்டாலும் மெஷினை மிதிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

நேற்று ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள், கதவிலிருந்த குறியைப் பார்த்தார்கள்.

“இங்க யாரும் இல்லைன்னுதானே போட்டிருக்கு” என்றார் ஒருவர், சித்தியைப் பார்த்துக்கொண்டே.

அவள் கால் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தது.