குழுவிலகு

“யோசிக்காம அமுக்குங்கண்ணே,” என்றாள் ஸ்டோர்ரூம் பெண். லிஃப்ட் மெக்கானிக் அமுக்கினார். கண்ட கண்ட மின்னஞ்சல்களுக்கு நடுவே வேலைக் கடிதம் ஒன்று காணாமல் போய், மேலதிகாரியிடம் அப்போதுதான் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“எதைத் திறந்தாலும் ‘குழுவிலகு’ன்னு இருக்கும். ஒரு தட்டு. அப்புறம் எழுதவே மாட்டான்.”

“நான் எந்தக் குழுவுல இருந்தேன், விலகறதுக்கு?”

“அது கம்ப்யூட்டர் தமிழ்ண்ணே. தொல்லை பண்ணாதேன்னு அர்த்தம்.” அடுத்தது கூந்தல் தைல விளம்பரம். அவரது வழுக்கையைப் பார்த்துச் சிரித்தாள். “இவனுக்கு நக்கலைப் பாருங்க!”

அன்று மாலை அறையில் கட்டிலில் உட்கார்ந்து மிச்சத்தையும் தட்டித் தள்ளினார். கல்யாணம் கூடிவராமலே போனவர். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத அறை. தட்டத் தட்டக் கை ருசி கண்டுவிட்டது.

சில வாரங்கள் கைபேசி துடைத்துவைத்ததுபோல் இருந்தது. பிறகுதான் உறைத்தது, கூடப்பிறந்தவர்களுக்காகத் தம்பி தொடங்கிய மின்னஞ்சல் குழுவிலிருந்தும் கடிதம் வரவில்லை. அக்காவும் தம்பியும் எங்கெங்கோ இருந்து எழுதுவார்கள், படம் அனுப்புவார்கள். இவர் பதில் எழுதியதில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படிப்பார்.

தம்பியைக் கூப்பிட்டார். “நம்ம குரூப்புல ஒண்ணும் வரலையேடா?”

“நீதானேண்ணே வெலகிட்டே? எல்லாருக்கும் வந்துச்சே, நீ வெலகிட்டேன்னு.”

“செருப்புக்கடை விளம்பரத்தோட சேத்துத் தெரியாம அமுக்கிட்டேன்டா.”

“சரியாப்போச்சு! அக்கா பொண்ணு கல்யாணம்னு எழுதின அன்னிக்கே நீ வெலகவும், உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைன்னு கோவம்னுல்ல நெனச்சோம்?”

“கல்யாணமா? எப்போ?”

“முடிஞ்சிடுச்சுண்ணே. சின்னதாத்தான் பண்ணினாங்க.”

“ஒருத்தராவது என்னன்னு கேட்டிருக்கலாம்.”

“கேட்டா இன்னும் முறுக்கிக்குவேன்னு அக்கா சொல்லிட்டா. விடு, மறுபடி சேத்துடறேன்.”

மறுநாள் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் பாதியில் நின்றிருந்தது. கதவுச் சென்சாரில் தூசி. துடைத்துவிட்டு, மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தார். மதியம் மோட்டார் அறையில் சாப்பிட்டார். மாலையில் தம்பியின் அழைப்பு வந்திருந்தது; சேர்ந்துகொண்டார். இடையில் வந்த கடிதங்களும் கல்யாணப் படங்களும் அதில் இல்லை. அன்று யாரும் எதுவும் எழுதவில்லை. விளக்கை அணைத்துப் படுத்தார்.