மகள் ஏன் தெலுங்கில் பேசினாள்?

2005-இல் ஹைதராபாத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சுதான் என் பொருள். தாய்மொழி விலகினால் உறவும் விலகும் என்ற கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

ஒரு வீட்டில் அம்மா தமிழில் பேசப் பேச, கச்சிபௌலியில் ஐ.டி. வேலை பார்க்கும் மகள் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். எனக்கு ஒரே உற்சாகம். பதிவு செய்துவந்து, தாயை விட்டு விலகிய மகள் என்று கட்டுரை எழுதினேன். ஆய்வு வழிகாட்டி பாராட்டினார். கருத்தரங்கில் வாசிக்கவும் இடம் கிடைத்தது.

வாசிப்பதற்கு முன் அவர்களிடமே சொல்லிவிடலாமே என்று போனேன். கேட்டதும் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நக்கோ அக்கா, வேண்டாம், அப்படி எழுதாதீங்க! அன்னிக்கு எங்க மாமியார் வந்திருந்தாங்கல்ல? அவங்களுக்குத் தமிழ் வராது. அவங்களை உக்கார வெச்சுட்டு நாங்க தமிழ்லயே பேசினா எப்படி?"

அம்மா சிரித்துவிட்டார். "நீங்க தமிழ் கேக்க வந்தீங்கன்னு நான் தமிழ்ல பேசினேன். சம்பந்தி அம்மாவுக்காக இவ தெலுங்குல பேசினா. மத்தபடி எங்க சண்டை பூரா தமிழ்லதான்."

கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தார். என் குறிப்பில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தாயையும் மகளையும் மட்டுமே பார் என்றது என் கோட்பாடு. நானும் அப்படியே பார்த்திருக்கிறேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். வழிகாட்டி ஒப்பவில்லை.

"அவங்க சொல்றதே முழு உண்மையாம்மா? அவங்களுக்கே தெரியாத விலகல் இருக்கலாமே. கோட்பாட்டை விட்டா வெறும் கதைதான் மிஞ்சும்."

"விடலை சார். அது கேள்வி கேக்கட்டும். பதிலையும் அதுவே சொல்லிட வேண்டாம்."

"உதவித்தொகை முடியப்போகுது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். பகுதிநேரமாக ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து அத்தனை வீடுகளுக்கும் மறுபடி போனேன். அன்று உடன் யார் யார் இருந்தார்கள், யாருக்காக எந்த மொழியில் பேசினீர்கள் என்று கேட்டேன். சில வீடுகளில் விலகல் நிஜமாகவே இருந்தது. அதையும் எழுதினேன்.

பட்டம் ஒரு வருடம் தள்ளித்தான் வந்தது. ஆனால் அந்த ஆய்வின் எந்தப் பக்கத்தையும், அதில் வரும் மனிதர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, தயங்காமல் உரக்கப் படித்துக் காட்ட முடியும் என்ற தைரியம் இன்றுவரை எனக்கு இருக்கிறது.